உழவர் சந்தையும் ஊர் வாழ்வும்

(அடையாற்றில் தமிழன்பர்கள் கூடிய கூட்டமொன்றில் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

இவ்வவையில் வழக்கமாகச் சொல்லாய்வும் இலக்கிய ஆய்வும் நிகழும். இன்று நான் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் விற்கும் சந்தையைப் பற்றிப் பேசப் போகின்றேன் என்றதும் முன்வரிசையில் ஒருவர் முறுவலித்தார். முறுவலிக்கட்டும். ஆனால் தமிழ் தழைக்கும் இடங்களுள் சந்தையும் ஒன்று என்பதை அவரும் மறுக்க மாட்டார். பிஞ்சு, காய், முற்றல், வாடல், அழுகல், கூறு, கட்டு, கொசுறு என்று ஒரு காயின் நிலைக்கும் அளவுக்கும் எத்தனை சொற்கள்! கண்ணாடிப் பேழைக்குள் காயை அடுக்கி மேலே ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டிய கடைக்குள் நுழைந்தவுடன் அத்தனை சொற்களும் வாயிலிலேயே நின்று விடுகின்றன. வாங்குபவர் வாய் திறக்காமல் எடுக்கிறார். விற்பவர் வாய் திறக்காமல் பணம் பெறுகிறார். சந்தையில் அது நடவாது. ஆங்கே பேசித்தான் ஆக வேண்டும்.

ஆனால் என் பேச்சு சொல்லைப் பற்றியதன்று. சந்தையால் ஊர் எவ்வாறு உயிர்க்கின்றது என்பதைப் பற்றியது. அதை அடையாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் அமர்ந்திருக்கும் இந்நிலத்தைச் சூழ்ந்த ஊர்கள் யாவும் ஏரிப் பாசன ஊர்கள். திருவான்மியூர், தரமணி, வேளச்சேரி, பெருங்குடி, பள்ளிக்கரணை என வரிசையாக எண்ணிப் பாருங்கள். சோழர் கல்வெட்டுகள் வெளிச்சேரி என்று குறிக்கும் வேளச்சேரிக்கு ஏரியே உயிர்நாடி. நெல்லும் கீரையும் காயும் விளைந்த அந்த வயல்களின்மேல் முதலில் வீட்டு மனைகள் வந்தன. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் கணிப்பொறி நிறுவனங்கள் வந்தன. அவற்றைக் குறைகூற நான் வரவில்லை. நம் பிள்ளைகளே அங்கு வேலை பார்க்கின்றனர். ஆனால் விளைவு ஒன்றுண்டு. முன்பு நமக்குக் காய் தந்த ஊர் கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருந்தது. இன்று உருளையும் மஞ்சள் முள்ளங்கியும் நீலமலையிலிருந்தும், தக்காளி கிருட்டிணகிரியிலிருந்தும் ஆந்திரத்து மதனப்பள்ளியிலிருந்தும், பெரிய வெங்காயம் மராட்டியத்து நாசிக்கிலிருந்தும் வருகின்றன. எல்லாம் கோயம்பேட்டுக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து, எல்.பி. சாலைக் கடைக்கு வந்து சேர்கின்றன. விளைவித்தவன் முகத்தை நாம் பார்த்ததில்லை. நம் முகத்தை அவனும் பார்த்ததில்லை.

இந்த நெடுவழியில் என்ன நேர்கிறது? ஒரு காயின் வழிநடையைப் பின்தொடர்ந்து பாருங்கள். உழவன் பறிக்கிறான், பறிப்புக்கூலி அவனுடையது. கோணியும் சணலும் அவனுடையவை. சரக்குந்துக்கு வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி. தரகு மண்டியில் தரகு. எடையில் கழிவு. அங்கிருந்து மொத்த வணிகர், அவரிடமிருந்து சில்லறை வணிகர், அவரிடமிருந்து தள்ளுவண்டிக்காரர். ஒவ்வொரு கையிலும் சிறிது வாடுகிறது, சிறிது அழுகுகிறது, வாடியதற்கும் அழுகியதற்கும் சேர்த்தே அடுத்த கையினர் விலை வைக்கின்றனர். இவர்களெல்லாம் கொள்ளையர் என்று மேடையில் முழங்குவது எளிது. உண்மை அதுவன்று. தள்ளுவண்டிக்காரரும் வெயிலில் நிற்கும் ஏழையே. வழி நீளமானது, நீளத்தின் சுமை முழுவதும் முதற்கையின்மேல் விழுகின்றது. அவ்வளவே.

எவ்வளவு விழுகின்றது? ரிசர்வ் வங்கி என்று நாளேடுகள் எழுதும் நம் நாட்டு நடுவண் வங்கியின் ஆய்வாளர்கள் 2024-இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். நுகர்வோர் தரும் ஓர் உருபாவில் உழவர் கைக்கு வந்து சேர்வது தக்காளிக்கு ஏறத்தாழ 33 காசு, வெங்காயத்திற்கு 36 காசு, உருளைக்கிழங்கிற்கு 37 காசு. மூன்றில் ஒரு பங்கு! நிலமும் நீரும் விதையும் உழைப்பும் இட்டு, மழைக்கும் பூச்சிக்கும் அஞ்சிக் காத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. 2023 சூலைத் திங்களில் சென்னையில் தக்காளி கிலோ நூறு உருபாவைக் கடந்தபோது, அரசு பங்கீட்டுக் கடைகளில் 60 உருபாவுக்கு விற்க நேர்ந்தது நினைவிருக்கும். அவ்வுயர்வு உழவன் வீட்டில் விளக்கேற்றியதா? சில கிழமைகளில் விலை சரிந்தபோது, பறிப்புக்கூலிக்கும் கட்டாது என்று செடியிலேயே விடுவதும் சாலையோரம் கொட்டுவதும் அவன் தலையெழுத்தாயின. ஏற்றத்தில் பங்கு சிறிது, இறக்கத்தில் பங்கு முழுவதும்.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்றுண்டு. அது விலையன்று, விலை சொல்லும் உரிமை. செருப்புத் தைப்பவர் தம் செருப்புக்கு விலை சொல்கிறார். பானை வனைபவர் பானைக்கு விலை சொல்கிறார். உழவன் மட்டும் தன் பொருளை இன்னொருவன் கடையில் இறக்கிவிட்டு, "என்ன விலை போட்டீர்கள்?" என்று கேட்டு நிற்கிறான். முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் கேட்க முடியாது. விதைப்புக்கு மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவன் அறுவடையை அவரிடமே இறக்க வேண்டும். அவர் சொன்னதே எடை, அவர் எழுதியதே சீட்டு.

நம் முன்னோர் வாணிகத்தைத் தாழ்வாகக் கருதவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் அவர்தம் நடுவுநிலைமையையே சிறப்பாக எடுத்து மொழிகின்றார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் மதித்து, மிகுதியாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் விற்றனர் என்பது அதன் கருத்து. வள்ளுவரும் வாணிகத்துக்கென்று தனி அதிகாரம் வகுத்தாரல்லர். நடுவுநிலைமை அதிகாரத்துள் அதை வைத்தார். ஏன் அங்கு வைத்தார் என்று மாணவரைக் கேட்பது என் வழக்கம். நடுவில் நிற்பவன் நடுவுநிலையில் நிற்க வேண்டும் என்று ஒரு மாணவன் விடை சொன்னான். உரையாசிரியர் எவரும் இப்படிச் சொன்னதாக நினைவில்லை. ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

மதுரைக்காஞ்சி பகலங்காடியையும் இரவங்காடியையும் நாளங்காடி, அல்லங்காடி என்று பெயர் பிரித்துக் காட்டுகின்றது. புகாரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில், மரநிழலில் நாளங்காடி நடந்ததைச் சிலம்பு காட்டுகின்றது. நகரின் இரு பகுதி மக்களும் வந்து கூடத்தக்க இடம் அது. சந்தை என்னும் சொல்லைப் பாருங்கள். கன்னடத்தில் சந்தெ, தெலுங்கில் சந்த, மலையாளத்தில் சந்த. தென்மொழிகள் எல்லாவற்றிலும் ஒரே சொல் ஊர்தோறும் வழங்குவது, ஊர்தோறும் அந்த வழக்கம் இருந்தமைக்குச் சான்று. இன்றும் நம் வட்டாரங்களில் வாரச்சந்தை உண்டு. இன்ன ஊருக்குத் திங்கள், இன்ன ஊருக்கு வியாழன் என்று கிழமையைச் சொன்னாலே ஊரைச் சொல்லிவிடும் பெரியவர்கள் இருக்கின்றனர். மணப்பாறையிலும் பொள்ளாச்சியிலும் மாட்டுச் சந்தைக்கு வந்தவர்கள் மாட்டை மட்டுமா பார்த்தார்கள்? பெண் பார்த்தார்கள், மழை நிலவரம் கேட்டார்கள், வழக்குப் பேசித் தீர்த்தார்கள்.

அத்தகைய மரபுடைய நாட்டில் 1999 நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் கலைஞர் மு. கருணாநிதி. எண்ணம் முற்றிலும் புதியதன்று. 1987-இல் பஞ்சாபில் அப்னி மண்டி தொடங்கியது. 1999 சனவரியில் ஆந்திரத்தில் ரைத்து பசார் தொடங்கியது. இங்கு ஒரு சொல்லைச் சொல்லாமல் போக என் ஆசிரியத் தொழில் விடவில்லை. ரைத்து என்பது அரபு வழி வந்தது. பசார் என்பது பாரசீகம். நம்மவர்கள் அப்பெயரை அப்படியே பெயர்த்து வைக்காமல் உழவர் சந்தை என்று இரு நல்ல தமிழ்ச் சொற்களை வைத்தனர். எழுத்தறியாத பாட்டிக்கும் அது விளங்கிற்று. பிறகு அங்கே தராசு என்று எழுதி வைத்தார்கள், தராசும் பாரசீகமே. நிறைகோல் என்னும் சொல் நமக்கு இல்லையா? போகட்டும்.

சந்தையின் அமைப்பைச் சுருக்கிச் சொல்கிறேன். விளைவிப்பவர் மட்டுமே விற்கலாம். நிலத்தையும் அதில் நிற்கும் பயிரையும் அலுவலர் பார்த்து உறுதி செய்தபின் ஒளிப்படத்துடன் அடையாள அட்டை தருவர். கடைக்கு வாடகை இல்லை. எடைக்கருவியைச் சந்தையே கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். விடியற்காலையில் அருகிலுள்ள மொத்தச் சந்தையின் விலையை அறிந்து, அலுவலரும் உழவர் சார்பாளரும் கூடி அன்றைய விலையை முடிவு செய்வர். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுதியாகவும், வெளிச் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அவ்விலை வாயிலிலுள்ள பலகையில் எழுதப்படும். விற்பவருக்கும் மிகுதி, வாங்குபவருக்கும் குறைவு, இது மாயமன்று. நடுவிலிருந்த நீண்ட வழி மடிந்ததால் மிஞ்சியதை இருவரும் பங்கிட்டுக் கொள்கின்றனர்.

சேலம் சூரமங்கலம், ஈரோடு சம்பத் நகர், கோவை ஆர்.எசு. புரம், சிங்காநல்லூர் ஆகிய இடங்களில் விடியலில் சென்று பார்த்தவர்கள் இதை அறிவர். முதலிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட சந்தைகள் தோன்றின; இன்று அவை நூற்றெழுபதைக் கடந்து நிற்கின்றன.

இனிச் சிற்றூருக்குள் என்ன நிகழ்கின்றது என்று பார்ப்போம்.

முதலில் காசு வரும் காலம். நெல் உழவனுக்குப் பருவத்துக்கு ஒருமுறை பணம். காய் உழவன் மண்டிக்குப் போட்டால் சீட்டு உடனே வரும். பணம் எப்போதோ வரும். வரும்போது முன்பணமும் வட்டியும் கழிந்து வரும். இடையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், பள்ளிக் கட்டணம் வந்தால், உரம் வாங்க வேண்டுமென்றால் கந்துவட்டிக்காரனே கதி. உழவர் சந்தையில் விற்றவன் காலை ஒன்பது மணிக்குக் கையில் காசோடு திரும்புகிறான். தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் நாள்தோறும் வருகிறது. நாள்தோறும் காசு வரும் வீட்டில் கடன்காரன் நாற்காலி போட்டு உட்கார முடியாது. ஊரில் ஒரு வீட்டில் அவன் எழுந்து போனால் அது அவ்வீட்டின் நலம். இருபது வீடுகளில் எழுந்து போனால் ஊரின் நிலையே மாறுகிறது. ஊராட்சித் தேர்தலில்கூட மாறுகிறது என்பேன்; கடன்பட்டவன் கை யாருக்கு உயரும் என்பது நமக்குத் தெரியாததா?

இரண்டாவது, அக்காசு யார் கைக்கு வருகிறது என்பது. மண்டிக்குச் செல்பவன் ஆண். நள்ளிரவில் சரக்குந்தில் ஏறிச் சென்று, கணக்கு முடித்து, திரும்பும் வழியில் எங்கெங்கு நின்றான் என்பது அவனுக்கே வெளிச்சம். உழவர் சந்தையில் கடைக்குப் பின்னால் அமர்ந்திருப்போருள் பெண்கள் மிகுதி. நடவும் களையும் பறிப்பும் அவள் செய்தவை. இதுவரை விற்பனை மட்டும் அவள் கையில் இல்லை. சந்தை அதை அவளிடம் தந்தது. இடுப்புச் சுருக்குப்பைக்குள் போன காசு அரிசியாகவும் சுவடியாகவும் மகளின் மிதிவண்டியாகவும் வெளிவருவதைப் பள்ளியில் பாடம் சொல்லும் எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் இடையில் நின்றுவிடும் பெண் பிள்ளைகள் எந்த வீட்டுப் பிள்ளைகள், நில்லாத பிள்ளைகள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று வருகைப் பதிவேட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

மூன்றாவது நிலத்தைப் பற்றியது. இதுவே எனக்கு மிக முதன்மையாகப் படுகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் நிலம் ஏறத்தாழ முக்கால் எக்டேர். நிலவுடைமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று சிறு, குறு உடைமைகள். இந்தத் துண்டு நிலத்தைக் கொண்டு மண்டிக்கு எப்படி விளைவிப்பது? மண்டிக்கு ஒரே காய் மூட்டை மூட்டையாக வேண்டும். எனவே இருக்கும் நிலம் முழுவதும் தக்காளி போடுகிறான், ஊரே தக்காளி போடுகிறது, ஒரே நாளில் பழுக்கிறது, விலை விழுகிறது. உழவர் சந்தைக்கு அப்படி வேண்டியதில்லை. பத்துக் கட்டு அரைக்கீரை, ஐந்து கிலோ வெண்டை, ஒரு கூடைக் கத்தரி, நான்கு பூசணி, ஓரத்து முருங்கை, வரப்பிலிருந்து வாழையிலை. எல்லாம் சிறிது சிறிது. ஒன்று போனால் ஒன்று நிற்கும். மண்ணுக்கும் நல்லது, பூச்சிக்கும் கொண்டாட்டமில்லை.

இதில் இன்னொரு நன்மை மறைந்து கிடக்கிறது. நாட்டு வகைக் காய்கள் மென்தோல் உடையவை. முந்நூறு கிலோமீட்டர் சரக்குந்தில் குலுங்கி வரத் தாங்கா. நெடுவழி வணிகம் அவற்றை ஒதுக்கிவிட்டு, குலுங்கத் தாங்கும் தடித்த தோலையே தேர்ந்தெடுக்கிறது. சுவையைத் தேர்ந்தெடுப்பது நாக்கு என்று நினைக்கின்றோம், இல்லை, சரக்குந்து! பக்கத்துச் சந்தையில்தான் நாட்டுக் கத்தரிக்கும் நாட்டுத் தக்காளிக்கும் இடமுண்டு. வேலூர் முள்ளுக் கத்தரிக்கும் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் குறியீட்டுச் சான்றிதழ் மட்டும் விதையைக் காப்பாற்றாது. விளைவித்தால் விற்கும் என்று உழவத்தி நம்ப வேண்டும். அப்போதுதான் அடுத்த ஆண்டுக்கு ஒரு காயைச் செடியில் முற்றவிட்டு விதை எடுப்பாள். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் செயராமன், இரண்டு கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று முறை வைத்தார். 2018-இல் அவர் மறைந்தார். விதை கைமாறிக் கொண்டிருப்பதற்குள்ளேதான் அதன் வாழ்வு இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மேடவாக்கத்து உழவர் சந்தைக்கு விடியலில் பலமுறை சென்றிருக்கிறேன். அங்குக் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த முதியவள் ஒருத்தி, தன் கீரைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நாலைந்து பொன்னாங்கண்ணிக் கட்டுகளை வேறாக வைத்திருந்தாள். எடுக்கப் போன ஒருவரிடம், "அது வேண்டாம் தம்பி, போன கிழமை ஒரு டீச்சரம்மா கேட்டுட்டுப் போனாங்க, அவங்களுக்கு" என்றாள். பெயர் தெரியாது, முகம் தெரியும். வரப்பில் வளர்ந்ததை அவருக்கென்று பறித்துக் கட்டிக் கொண்டு வந்திருக்கிறாள். அந்தத் தம்பி விடாமல், "அப்ப நாளைக்கு எனக்கும் கொண்டு வாங்கம்மா" என்றார். அடுத்த பருவத்தில் வரப்போரம் முழுவதும் பொன்னாங்கண்ணி நின்றிருக்கும் என்று நான் துணிந்து சொல்வேன். கோயம்பேட்டு வழியாக இந்தச் செய்தி அவ்வூருக்குப் போய்ச் சேருமா?

சந்தையில் உழவர்களுக்குள்ளும் பேச்சு நடக்கிறது. ஓரூர்க்காரர் மதகு பழுதென்கிறார். மற்றோரூர்க்காரர் தம் ஊரில் மனு எழுதிக் கொடுத்துச் சரிசெய்த வகையைச் சொல்கிறார். ஒருவர் வீட்டு நாற்று இன்னொருவர் வயலுக்குப் போகிறது. தனித்தனியே மண்டிச் சீட்டுக்குக் காத்து நின்றவர்கள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்கள். குமுகாயம் என்று நாம் பெரிய பெயர் சொல்கிறோமே, அது இப்படித்தான் கட்டப்படுகிறது.

தென்சென்னையின் புறத்தே வயல்களைச் சுற்றி மனைத் தரகர்கள் நடமாடுவதை நீங்கள் அறிவீர்கள். கொடிகளை நட்டு, வண்ணக் கல் ஊன்றி, விடுமுறை நாளில் வண்டி வைத்து அழைத்துப் போகிறார்கள். அவ்வயலை விற்பதா வேண்டாவா என்ற கேள்வி ஒவ்வோர் உழவன் வீட்டிலும் இரவுச் சோற்றின்போது எழுகிறது. "நிலத்தால் என்ன கிடைக்கிறது?" என்று மகன் கேட்கிறான். நாள்தோறும் ஐந்நூறோ எழுநூறோ கிடைக்கிறது என்று தாய் விடை சொல்ல முடிந்த வீட்டில் நிலம் இன்னும் சில ஆண்டு நிற்கிறது. விடை சொல்ல முடியாத வீட்டில் மறுநாள் கல் ஊன்றப்படுகிறது.

குறைகளைச் சொல்லாமல் போற்றுவது புலவர் தொழில் என்று யாரும் எண்ண வேண்டா. உழவர் சந்தைகள் எல்லாம் செம்மையாக நடக்கவில்லை. 2001-இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் கவனிப்பாரற்று ஒளி மங்கின. 2006-இல் மீண்டும் உயிர்பெற்றன. உழவன் சந்தை எந்தக் கட்சி திறந்தது என்பதா கத்தரிக்காய்க்குத் தெரியும்? அட்டை வழங்குவதில் கண்காணிப்புத் தளர்ந்த இடங்களில் வணிகரே உழவர் வேடம் புனைந்து நுழைந்தனர். உழவன் கட்டைவிரலில் மண் இருக்கும்; இவர்கள் விரலில் மோதிரம் இருக்கும். சந்தை வாயிலுக்கு வெளியே நடைபாதைக் கடைகள் பெருகி, உள்ளே வருவோரை வாயிலிலேயே மடக்கின. காலை பத்து மணிக்குமேல் மிஞ்சிய காயை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நிலை, குளிர்ப்பதன அறை இல்லாத இடங்களில் இன்றும் உண்டு. ஊரிலிருந்து முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்பதே பல ஊர்களில் சந்தையின் தலைவிதியை முடிவு செய்கிறது. மேலும், நெல்லுக்கும் கரும்புக்கும் இச்சந்தை மருந்தன்று. அவற்றின் நோய் வேறு.

விளைவித்தவரே விற்க வேண்டும் என்ற விதியைக் கடுமையாகக் காத்த இடங்களில் இம்முறை வளர்ந்திருக்கிறது. அமெரிக்கத்து நியூயார்க்கு நகரில் 1976-இல் கிரீன்மார்க்கெட் என்னும் பெயரில் உழவர் அங்காடி தொடங்கினர். இன்றுவரை அவ்விதியைத் தளர்த்தவில்லை. 1994-இல் அந்நாடு முழுவதும் 1,755 உழவர் அங்காடிகள் இருந்தன. 2013-இல் 8,144 ஆயின. இயந்திர உழவும் மாபெரும் அங்காடிகளும் மலிந்த நாடு அது. அங்குள்ளவர்களே விளைவிப்பவன் முகத்தைத் தேடி வருகின்றார்கள் என்றால், ஓரிரவுப் பேருந்துத் தொலைவில் உழவனை வைத்திருக்கும் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

2020-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். கொத்தவால் சாவடியிலிருந்து 1996-இல் கோயம்பேட்டுக்கு இடம்பெயர்ந்த மொத்தச் சந்தை, மகுடை நோய்த்தொற்றின் நிலைக்களமாகி, அவ்வாண்டு மே திங்களில் மூடப்பட்டது. காய் திருமழிசைக்குப் போயிற்று. பழம் மாதவரத்துக்குப் போயிற்று. செப்டம்பர் இறுதியில்தான் கோயம்பேட்டில் காய்ச் சந்தை மீண்டும் திறந்தது. ஒரு வாயில் மூடியதும் இப்பெருநகரம் முழுவதும் கை பிசைந்து நின்றது. அந்நாள்களில் நம் தெருவுக்குக் காய் வந்தது எப்படி? மாநகராட்சி வண்டிகள் வந்தன. அவற்றோடு, சிற்றூர் உழவர்கள் சிலர் தாங்களே சிறு வண்டிகளில் நேரே கொண்டுவந்தனர். அடுக்குமாடிக் குடியிருப்பினர் கீழே இறங்கி வந்து, முதன்முறையாக உழவனிடம் நேரே வாங்கினர். நோய் தணிந்ததும் அந்த வண்டிகள் குறைந்தன. நாம் மீண்டும் கைப்பேசிச் செயலியைத் தடவத் தொடங்கிவிட்டோம். பத்து நிமையத்தில் வருகிறதாம்! பத்து நிமையத்தில் வருவது பையன். காய் எத்தனை நாளுக்கு முன் பறித்தது என்று அவனும் அறியான்.

அடையாற்றிலும் முயற்சி இல்லாமல் இல்லை. அனந்து முதலிய அன்பர்கள் முன்னின்று, நஞ்சிடாத விளைபொருளை உழவரிடமே பெற்று, ஊதிய நோக்கின்றி விற்கும் அங்காடி முயற்சியொன்று இப்பகுதியில் வேர்கொண்டு நகரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அதன் பெயர் ஆர்கானிக் ஃபார்மர்சு மார்க்கெட். செயல் நன்று, பெயரைத் தமிழில் வைத்திருக்கலாம். அவர்களைக் காணும்போது சொல்வேன். ஆனால் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு உழவனை ஏய்க்கும் கடையைவிட, இது ஆயிரம் மடங்கு மேல் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

நஞ்சிடாத காய் விலை மிகுதி, எல்லாருக்கும் கட்டாது என்று ஒரு தாய் பேச்சுக்கு முன்பே என்னிடம் சொன்னார். மெய்தான். ஆகவேதான் உழவர் சந்தையைச் சொல்கிறேன். அங்கே பலகையில் எழுதிய விலை கடை விலையைவிடக் குறைவு. அடையாற்றில் உழவர் சந்தை இல்லை. மேடவாக்கத்திலும் பல்லாவரத்திலும் உண்டு. நம் பகுதியில் காலை நேரத்தில் மட்டுமேனும் ஒரு பள்ளி மைதானத்தையோ மாநகராட்சி இடத்தையோ ஒதுக்கி, கிழமைக்கு இரு நாளேனும் உழவர் வந்து விற்க வகை செய்ய வேண்டும் என்று வேளாண் விற்பனைத் துறைக்கு விண்ணப்பம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். அவைத்தலைவரிடம் தந்துள்ளேன். கையொப்பமிட விரும்புவோர் இடலாம், தமிழில் இடுங்கள். உழவர் ஏறிவரும் முதல் பேருந்து நேரத்தைப் பற்றிய ஒரு பத்தியும் அதில் உண்டு. அதை யாரும் நீக்கிவிட வேண்டா.

அதுவரை, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை மேடவாக்கத்துக்குப் போகிறோம். வண்டி ஒன்றுக்குப் பன்னிருவர் செல்லலாம், செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். ஐந்து மணிக்கே புறப்பட வேண்டும். ஆறரைக்குமேல் போனால் நல்ல கீரை இருக்காது. துணிப்பை கொண்டு வாருங்கள். சில்லறையும் கொண்டு வாருங்கள், அவர்களிடம் ஐந்நூறு உருபாத் தாளை நீட்டாதீர்கள். பலகையில் விலை எழுதியிருக்கும். அதற்குமேல் பேரம் பேச வேண்டா. கொசுறு மட்டும் கேட்கலாம். கேட்டால் தருவார்கள்.